உலை அறைப் பூனைகள்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் என்றால் மொராக்கோவின் மெக்னெஸ் பழைய நகரத்தில் எந்த ஹம்மாமிலும், அதாவது பொதுக் குளியல் கூடத்திலும், கால் வைக்க இடம் இருக்காது. வருஷம் முழுக்க வீட்டிலேயே குளிக்கிறவர்கள்கூட அன்றைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண்கள் பக்கத்து வாசலில் உட்கார்ந்து மூட்டைகளை வாங்கி அடுக்கி, யார் முன்னே யார் பின்னே என்று பஞ்சாயத்துப் பண்ணி, காணாமல் போன சீப்பைத் தேடிக் கொடுத்து, வாசற்காரி பதூலுக்கு மதியத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. பெருநாளுக்கு முந்தின நாள் வைக்கிற அரஃபா நோன்பு வேறு. ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

ஹம்மாமின் பின்பக்கச் சந்தில் அவளுடைய தம்பி மிலூத் தண்ணீர் காய்கிற உலையை எரித்துக்கொண்டிருந்தான். ஒரே கட்டிடம்தான், ஆனால் நடுவில் வழி கிடையாது. அக்கா தம்பியைப் பார்க்க வேண்டுமென்றால் தெருவில் இறங்கி, மளிகைக்கடை முக்கைச் சுற்றி, சந்துக்குள் நுழைய வேண்டும். அந்த உலை அறையில் எரிக்கிற மரத்தூள் மலைபோலக் குவிந்து கிடக்கும். அதன்மேல் நாலு பூனைகள் படுத்துக் கிடக்கும். கப்ரான் என்கிற கிழட்டுச் செம்பூனை, மிஸ்கா என்கிற வெள்ளைச்சி, காப்பி நிறத்தில் கஹ்வா, போன குளிர்காலத்தில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த சின்னது ஸிம்ஸிம். அவை வந்த பிறகு மரத்தூளில் எலி இல்லை, தேள் இல்லை. மத்தி மீன் தலைகளை வேகவைத்து பதூல்தான் கொண்டுபோய் வைப்பாள். கால்நடை டாக்டர் நவாலிடம் கெஞ்சிக் கூத்தாடி நாலுக்கும் கருத்தடை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி எல்லாம் போட வைத்ததும் அவள்தான். அதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் இடது காது நுனியும் வெட்டியிருக்கும்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு வம்பு வந்து சேர்ந்தது. ஹம்மாம் முதலாளி ஹாஜி தெரீஸின் மருமகள் கன்ஸா, எல்லாரும் மரியாதைக்கு 'லல்லா' போட்டுக் கூப்பிடுகிறவள், குளித்துவிட்டு உடை மாற்றப் பாயில் உட்கார்ந்தவள், ஐயோ என்று எழுந்தாள். கணுக்கால் முழுக்கத் தடிப்பு. தெள்ளுப்பூச்சி. தெருவைச் சுற்றி வந்து அந்தப் பாயில் படுப்பதும் இந்தப் பூனைகள்தான். மறுநாளே ஹாஜி வந்து வாசலில் நின்றார்.

"பதூல், இது குளிக்கிற இடமா, பூனைப் பண்ணையா? பெருநாள் முடியட்டும். முனிசிபாலிட்டி வண்டி வரும். சொல்லிட்டேன். ஒரு பூனை இங்க இருக்கக்கூடாது."

அந்த வண்டியில் ஏறிப்போன பூனை எதுவும் திரும்பி வந்ததில்லை. பதூல் நேராகத் தம்பியிடம் போனாள். "ஏதாவது பண்ணுடா. ஒரு தெள்ளு இருக்கக்கூடாது. இருந்தா நாலையும் அள்ளிட்டுப் போயிருவாங்க."

"என்கிட்ட விடுக்கா. பெருநாளைக்குள்ள பாரு," என்றான் மிலூத். அதோடு அவள் அதை மறந்துபோனாள்.

அன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுகை அழைப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில், வாளியோடு உள்ளே வந்த ஒருத்தி சொன்னாள்: "பதூல், உன் செம்பூனைக்கு என்னாச்சு? மளிகைக்கடை முக்குல பேய் புடிச்ச மாதிரி ஆடிட்டிருக்கு."

பதூல் மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கப்ரான் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று சொல்ல முடியாது. நாலு காலும் நாலு பக்கம் இழுத்தன. காது விடாமல் வெட்டி வெட்டி இழுத்தது. முதுகுத்தோல் அலையடித்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. அவள் கண்ணெதிரில் ஒரு அடி எடுத்துவைத்து, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே உதறத் தொடங்கியது.

மளிகைக்கடைக்காரர் இப்ராஹீம், தெருவில் மரியாதைக்கு 'ஸி' போட்டுக் கூப்பிடுகிறவர், கையில் பூட்டோடு நின்றார். காலடியில் இரண்டு பெரிய பைகள். தெற்கே ஸூஸ் பக்கத்துக்காரர், பெருநாளுக்கு ஊருக்குப் போகிற அவசரம். போன வாரம்தான் இதே இடத்தில் நின்று, பூனை பால் பாக்கெட்டைக் கிழித்துவிட்டது என்று கத்தியிருந்தார். 'எலி மருந்து வைக்கப்போறேன், உன் பூனை தின்னா என்னைக் கேக்காதே' என்று தெருவே கேட்கச் சொல்லியிருந்தார்.

பதூலுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "வச்சுட்டீங்கல்ல? சொன்னபடியே வச்சுட்டீங்கல்ல?"

"என்னம்மா வச்சேன்?"

"விஷம்! நோன்பும் அதுவுமா, அரஃபா நாள்ல, வாயில்லா ஜீவனுக்கு விஷம் வச்சுட்டு ஊருக்குப் போய் ஆடு அறுக்கப் போறீங்களா?"

தெருவில் ஆடு இழுத்துக்கொண்டு போனவர்கள் நின்றார்கள். இப்ராஹீமின் முகம் சுண்டியது. "பதூல், வாயை அளந்து பேசு. கோவத்துல ஏதோ சொன்னேன். நான் எதையும் வைக்கல. அல்லாஹ் சாட்சி."

"அவனையும் ஏமாத்தப் பாக்குறீங்களா?" என்று சொல்லிவிட்டு, பூனையைத் தன் ஜெல்லாபா அங்கியின் மடியில் அள்ளிக்கொண்டு சந்துக்குள் ஓடினாள். மடிக்குள் அது ஓடுகிற மோட்டார்போல அதிர்ந்தது.

உலை அறையில் இன்னும் மோசம். மிஸ்கா மரத்தூளில் கிடந்து வில்லாக வளைந்து துடித்தது. கஹ்வா சுவரோரம் தள்ளாடித் தள்ளாடி முட்டிக்கொண்டது. ஸிம்ஸிம் மிலூத்தின் மடியில். அதன் வாயைப் பிளந்து அவன் ஒலிவ எண்ணெயைக் கரண்டியால் ஊற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் முழுவதும் அவன் கால்சட்டையில்தான் வழிந்தது.

"எல்லாத்துக்குமாடா?"

மிலூத் தலையை மட்டும் ஆட்டினான். முகத்தில் கரியும் வியர்வையும். கண் மட்டும் வெளுத்திருந்தது.

"அந்த ஸூஸிதான், மளிகைக்கடைக்காரன். எலி மருந்து வச்சுட்டான். நான் தெருவுல வச்சுக் கேட்டுட்டேன்."

அவன் எதுவும் சொல்லவில்லை. அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை.

பதூல் டாக்டருக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் யார் எடுப்பார்கள்? மூன்றாம் தரம் போட்டபோதுதான் எடுத்தார்; பின்னால் வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது. டாக்டர் நவால் அம்மா வீட்டுக்கு மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். அல்-ஹாஜிப் ஊரைத் தாண்டப் போகிறாராம். பதூல் ஸ்பீக்கரில் போட்டு மூச்சு விடாமல் சொன்னாள்.

"நில்லுங்க, நில்லுங்க. வாந்தி எடுத்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"ரத்தம்? மூக்குல, வாயில?"

"இல்ல. எச்சில்தான். உடம்பு ஆடுது. தோல்லாம் ஆடுது டாக்டர், காது வெட்டுது."

"நாலுக்கும் ஒரே நேரத்துலயா?" டாக்டரின் குரல் மாறியது. "பதூல், யாராவது அதுங்க மேல ஏதாவது போட்டீங்களா? தெள்ளுக்கு, உண்ணிக்கு மருந்து, பவுடர், எதாவது?"

"இல்ல டாக்டர், மளிகைக்கடைக்காரன் விஷம்..."

"மோந்து பாருங்க. பிடரியில, முதுகுல."

பதூல் கப்ரானின் பிடரியில் மூக்கை வைத்தாள். மயிர் பிசுக்கென்று ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் மாதிரி, ஆனால் மண்ணெண்ணெய் இல்லை; தலைக்குள் ஏறுகிற நாற்றம். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

மிலூத் ஸிம்ஸிமை மார்போடு அணைத்துக்கொண்டான். "ஆட்டுக்கு வாங்கினதுக்கா," என்றான். "நம்ம ஆட்டுக்கு உண்ணி இருந்துச்சுல்ல. சந்தையில குடுத்தான். முதுகுல ஊத்தினேன், ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல, உண்ணியெல்லாம் கொட்டிருச்சு. மீதி இருந்துச்சு. காலையில..." பூனைகளின் பக்கம் கையைக் காட்டினான்.

"எவ்வளவு ஊத்துனீங்க?" என்றது ஃபோன்.

"எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் டாக்டர். ஒரு மூடி."

"சின்னதுக்குமா?"

"சின்னதுக்கும்."

பதூலுக்கு எரிகிற உலைக்கட்டையை எடுத்து அவன் தலையிலேயே போடலாம் போலிருந்தது. கூடவே வேறொன்றும் உறைத்தது. இப்ராஹீமைத் திட்டிவிட்டு வந்தேன் என்று அவள் சொன்னபோது இவன் வாயைத் திறக்கவில்லை.

"கேளுங்க," என்றார் டாக்டர். "அந்த மருந்து ஆட்டுக்குச் சரி, பூனைக்கு விஷம். பூனை உடம்பால அதை முறிக்க முடியாது. இன்னும் தோல் வழியா உள்ள இறங்கிட்டிருக்கு. உடனே கழுவி எடுக்கணும். எண்ணெய் வேணாம், பால் வேணாம், வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிரும். பாத்திரம் கழுவுற சோப்பு இருக்குல்ல, திரவமா, அதைப் போட்டுக் கழுவுங்க. ஹம்மாம்ல தேய்க்கிற கறுப்புச் சோப்பு வேணாம், அதுலயே எண்ணெய் இருக்கு. தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும். சூடா ஊத்துனா மருந்து இன்னும் வேகமா உள்ள போகும். புரியுதா? கழுவினதும் துடைச்சு, இருட்டா, சத்தம் இல்லாத இடத்துல போடுங்க. நான் வண்டியைத் திருப்புறேன்."

உலை அறையில் இருந்ததெல்லாம் கொப்பரையில் கொதிக்கிற தண்ணீர்தான். குளிர்ந்த தண்ணீர்க் குழாய் அங்கே கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் குளிக்கிற இடத்தில், அது வாளி வாளியாக இருந்தது. அங்கே நூறு பெண்களும் இருந்தார்கள்.

"கூடையில போடு நாலையும்," என்று ஃபோனை அவனிடம் கொடுத்தாள் பதூல். "பெண்கள் வாசலுக்குக் கொண்டா. ஓடு!"

அவள் மளிகைக்கடைக்கு ஓடினாள். கதவு இறங்கிப் பூட்டியிருந்தது. தெருமுனையில், சின்ன டாக்ஸியின் பின்பக்கத்தில் இப்ராஹீம் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஸி இப்ராஹீம்! ஸி இப்ராஹீம்! நில்லுங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னும் பாக்கி இருக்கா திட்டு?"

"பாத்திரம் சோப்பு வேணும். ஒரு பாட்டில். ரெண்டு. சாகப்போகுதுங்க." மூச்சு வாங்கியது. "நீங்க இல்ல. என் தம்பி. ஆட்டு மருந்தைப் போட்டுட்டான். நீங்க இல்ல."

டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தான். "ஐயா, பஸ் ஸ்டாண்டுல கூட்டம் தெரியுமா உங்களுக்கு?"

இப்ராஹீம் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு நடந்தார். நடந்தார் என்பதைவிட ஓடினார் என்பதுதான் சரி. அவருக்கு மூட்டுவலி, நொண்டிக்கொண்டே ஓடினார். கதவைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போய் இருட்டில் துழாவி, மூன்று பச்சைப் பாட்டில்களை அவள் கையில் திணித்தார்.

"விஷம் வைக்கிறவன் கடைச் சோப்பு. பரவாயில்லையா?"

"என் வாயை நானே கிழிச்சுக்கணும் ஸி இப்ராஹீம்."

"அதைப் பெருநாள் கழிச்சு வந்து பாத்துக்குறேன். போ, போ!"

பெண்கள் வாசலில் மிலூத் கூடையோடு திரையைத் தொடாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். உள்ளே போகவும் முடியாது, பார்க்கவும் கூடாது. பதூல் கூடையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், "ஹத்தா!" என்று அலறினாள்.

ஹத்தா அந்த ஹம்மாமில் முதுகு தேய்க்கிறவள். இரண்டு ஆள் உடம்பு, நாலு ஆள் குரல். ஒரு கிழவியின் முதுகை உரித்துக்கொண்டிருந்தவள் தேய்க்கிற கையுறையோடு எழுந்து வந்து கூடைக்குள் பார்த்தாள். "யா லத்தீஃப்! என்னடி இது?"

"ஆட்டு மருந்து. கழுவணும். வெதுவெது தண்ணி. இந்தச் சோப்பு."

"இதுங்களையா? நான் நூறு பொம்பளைங்களைத் தேய்ச்சிருக்கேன், ஒருத்தியும் இப்படி நகத்தோட வந்ததில்ல," என்று சொல்லிக்கொண்டே அவள் கப்ரானைப் பிடரியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "முதல் ரூமுக்குக் கொண்டாங்க. சூட்டு ரூம் வேணாம்."

முதல் அறை குளிர்ச்சியான அறை. அங்கே தரையில் பாய் விரித்து, குளித்து முடித்தவர்கள் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். பூனைகளைப் பார்த்ததும் பாதிப்பேர் சுவரோரம் ஒதுங்கினார்கள். நடுவில் வெள்ளைத்துண்டு சுற்றிக்கொண்டு நின்றவள் லல்லா கன்ஸா.

"பதூல், உனக்குப் புத்தி இருக்கா? என் மாமனார் என்ன சொன்னார்? நாளைக்குப் பெருநாள். சுத்தமாகுறதுக்குத்தானே வந்திருக்கோம் நாங்க?"

"பூனை அசுத்தம் இல்ல லல்லா," என்றாள் பாய் ஓரத்தில் இருந்த ஒருத்தி.

"தெள்ளு அசுத்தம்தானே?"

பதூலுக்கு வாதாட நேரமில்லை. குழாயடியில் சூடும் குளிருமாகக் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்தாள். சூடு கூடிவிட்டது. குளிர்ந்த தண்ணீரைச் சேர்த்தாள். மறுபடி பார்த்தாள். அவசரத்தில் எது சூடு எது குளிர் என்றே தெரியவில்லை.

"நகரு," என்று யாரோ அவளைத் தள்ளினார்கள். கன்ஸாதான். தன் வாளியைக் குழாயடியில் வைத்துத் திருகினாள். "மூணு பிள்ளை பெத்திருக்கேன். குளிப்பாட்டுற சூடு எனக்குத் தெரியும். எடுத்துட்டு வா. ஆனா என் துண்டு மேல வைக்காதே."

அப்புறம் அந்த அறையில் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் மெக்னெஸில் சிலர் நம்ப மாட்டார்கள். ஹத்தா கப்ரானைத் தரையில் அழுத்திப் பிடித்துப் பிடரியில் சோப்பைக் கொட்டித் தேய்த்தாள். கன்ஸா தண்ணீர் ஊற்றினாள். பெயர் தெரியாத ஒரு கல்யாணப்பெண், கையில் மருதாணி காயாமலே, கஹ்வாவைத் துண்டுக்குள் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். பதூல் மிஸ்காவைக் கழுவினாள். மஞ்சளாக வழிந்த நுரையில் அதே நாற்றம். அலசியதும் மறுபடி சோப்பு. மறுபடி அலசல். மறுபடி சோப்பு. மிஸ்கா அவள் கைக்குள்ளேயே விறைத்தது. கழுத்து பின்னால் வளைந்தது, வாய் கோணியது, கால்கள் காற்றை உதைத்தன.

"போயிருச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வலிப்பு. பிடிச்சு அமுக்காதே. தலையை மட்டும் தண்ணியில படாமப் பாத்துக்க," என்றாள் ஹத்தா. அவளுக்கு வலிப்பு வருகிற தங்கை ஒருத்தி இருந்தாள்.

வலிப்பு நின்றது. மிஸ்கா மூச்சு விட்டது. பதூலும் அப்போதுதான் விட்டாள்.

திரைக்கு வெளியேயிருந்து மிலூத்தின் குரல் வந்துகொண்டே இருந்தது. "அக்கா! என்னாச்சுக்கா? உயிரோட இருக்கா? டாக்டர் கேக்குறாங்க, தண்ணி சூடா இல்லல்ல?"

"சூடா இல்லைன்னு சொல்லுடா! உன் வாயை மூடு!"

"ஸிம்ஸிம்?"

பதூல் திரும்பி ஹத்தாவைப் பார்த்தாள்.

ஸிம்ஸிமை ஹத்தா தன் கையில் எடுத்திருந்தாள். இரண்டு தரம் கழுவிவிட்டாள். அது அவளுடைய உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் அடங்குகிற உடம்பு. நடுக்கம் நின்றிருந்தது. மற்றதெல்லாம் நடுங்கும்போது இது மட்டும் நடுங்காமல் கிடந்தது. ஹத்தா அதன் நெஞ்சில் விரலை வைத்து உரசி உரசிப் பார்த்தாள். துண்டால் சூடு பறக்கத் துடைத்தாள். மூக்கில் ஊதினாள். கடைசியில் துண்டின் ஓரத்தை இழுத்து அதன் முகத்தை மூடினாள்.

கன்ஸா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் நவால் வந்தபோது மூன்றையும் மூட்டை வைக்கிற அலமாரியின் அடித்தட்டில், உலர்ந்த துண்டுகளுக்கு நடுவே படுக்க வைத்து, முன்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. பெருநாளுக்கு முந்தின நாள் மாலை, அத்தனை பெண்களும் கிசுகிசுத்துப் பேசிக் குளித்ததை அந்த ஹம்மாம் முன்னேயும் பார்த்ததில்லை, பின்னேயும் பார்க்கவில்லை. டாக்டர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு முழந்தாளிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றின் கண்ணையும் ஈறையும் பார்த்தார். வலிப்புக்கும் தசை நடுக்கத்துக்கும் ஊசி போட்டார். முதுகில் முகர்ந்து பார்த்து, கஹ்வாவை மட்டும் இன்னொரு தரம் கழுவச் சொன்னார்.

"இந்தச் சின்னது?" என்று துண்டைக் காட்டினார்.

பதூல் தலையை ஆட்டினாள்.

"அதோட எடைக்கு ஒரு மூடிங்கிறது... நான் பக்கத்துல இருந்திருந்தாலும் கஷ்டம்தான் பதூல். மத்தது பிழைக்கும்னு இப்போ சொல்ல மாட்டேன். ராத்திரி தாண்டட்டும். கழுவினதுதான் இதுங்களுக்குக் கிடைச்ச வாய்ப்பு. அதைச் செஞ்சுட்டீங்க."

பதூல் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மிலூத் அதே இடத்தில், அதே சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். உலையைக்கூட அவன் போய்ப் பார்க்கவில்லை. உள்ளே தண்ணீர் ஆறத் தொடங்கியிருந்தது, அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அவள் துண்டை அவன் கையில் வைத்தாள். அதன் எடையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவனை அறைய வேண்டும் என்றுதான் வந்தாள். அவனைத் திட்டுவதற்கு உள்ளேயே வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள்.

"நல்லதுன்னுதான் நெனச்சேன்க்கா. வண்டியில ஏத்திட்டுப் போயிருவாங்கன்னு..."

"அந்தாளைத் திட்டுனேன்னு சொன்னப்பவே வாயைத் திறந்திருக்கலாம்லடா. மசமசன்னு நின்னியே!"

"பயமா இருந்துச்சு."

"யாரைக் கண்டு? என்னைக் கண்டா?"

அவன் ஆமாம் என்று தலையாட்டினான். நாற்பது வயது ஆண்பிள்ளை, கரி படிந்த கையால் துண்டை ஏந்திக்கொண்டு. பதூலுக்கு அந்தத் தலையாட்டல் சுருக்கென்று தைத்தது. ஏதாவது பண்ணு என்று சொல்லிவிட்டு, என்ன பண்ணினாய் என்று ஒரு தரம்கூடக் கேட்காதவள் அவள்தான். அதை அவனிடம் சொல்லவில்லை. நோன்பு திறக்கிற மஃரிப் அழைப்பு வந்தது. உள்ளேயிருந்து யாரோ இரண்டு பேரீச்சம்பழத்தை நீட்டினார்கள். ஒன்றை அவன் கையில் வைத்தாள். அவன் அதைத் தின்னாமல் வைத்துக்கொண்டே நின்றான்.

அன்றிரவு ஹம்மாமைப் பூட்டிய பிறகும் அக்காளும் தம்பியும் வீட்டுக்குப் போகவில்லை. போர்வையைத் தூக்கிப் பார்ப்பதும் இறக்குவதுமாக விடிந்தது. மிஸ்காவுக்கு இன்னொரு வலிப்பு வந்து போனது. கூரை மேலெல்லாம் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

பெருநாள் காலையில் கப்ரான் தானாகவே எழுந்து நின்றது. குடித்தவன்போல நாலடி போய்த் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் காலை வைத்தது. மிலூத் சத்தம் போட்டுச் சிரித்தான். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டான். கஹ்வா மதியத்துக்கு மேல் ஒரு துண்டு ஈரலைத் தின்றது. மிஸ்காதான் இழுத்தடித்தது. பெருநாள் கறியெல்லாம் தீர்ந்து, தெருவில் ஆட்டுத்தலை சுட்ட கரியை மழை கழுவிய பிறகுதான் அதன் பின்னங்கால் ஆட்டம் நின்றது.

ஸிம்ஸிமை மிலூத்தே கொண்டுபோய் நகர மதிலுக்கு வெளியே, ஒலிவ மரங்களுக்குக் கீழே புதைத்துவிட்டு வந்தான்.

சொன்னபடியே ஹாஜி தெரீஸ் பெருநாள் கழித்து வந்தார். வண்டி வரவில்லை. வாசலில் நின்று தாடியைத் தடவிக்கொண்டு, "என் மருமக சொல்றா, பூனைங்களை அவளே குளிப்பாட்டிட்டாளாம். இனிமே அதுங்க உடம்புல ஒண்ணும் இல்லையாம். உண்மையா?" என்றார்.

"மூணு தரம் சோப்புப் போட்டாச்சு ஹாஜி."

"வீட்டுல என்னைப் பேசவே விடல அவ," என்றார் அவர், யாரையோ குறை சொல்வதுபோல. "சரி. ஆனா பாய்ல மறுபடி ஒரு தெள்ளு இருந்துச்சுன்னா..."

"இருக்காது," என்றாள் பதூல். இந்தத் தடவை அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தெள்ளு பூனை மேல் இருப்பதைவிட அது படுக்கிற இடத்தில்தான் அதிகம் இருக்கும், முட்டையெல்லாம் அங்கேதான் என்று டாக்டர் நவால் சொல்லியிருந்தார். மிலூத் பழைய மரத்தூளையெல்லாம் ஒட்ட வாரி உலையில் போட்டு எரித்தான். தரையைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினான். பாய்களை வெயிலில் போட்டான். பூனைக்கென்றே இருக்கிற மருந்தை ஒவ்வொன்றின் எடையும் பார்த்து டாக்டரே வந்து பிடரியில் விட்டார். அப்போது மிலூத் சந்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை.

இப்ராஹீம் ஊரிலிருந்து திரும்பியதும் பதூல் ஒரு தட்டு நிறைய இறைச்சியும் ரொட்டியுமாகக் கடைக்குப் போனாள். அன்றைக்கு அவர் பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்ததில் நின்றுகொண்டே போயிருந்தார். தெருவில் வைத்துத் திட்டியதால் தெருவில் வைத்தே மன்னிப்புக் கேட்டாள். அவர் தட்டை வாங்கிக்கொண்டார். "நான் வைக்கிறேன்னு சொன்னதும் தப்புதான். சொல்லாம இருந்திருந்தா நீ என்னைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டே," என்றார்.

மிலூத் மட்டும் பூனைகளைத் தொடவே இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு விலகிப் போய்விடுவான். அவை பக்கத்தில் வந்தால் காலை இழுத்துக்கொள்வான். பதூல் திட்டிப் பார்த்தாள், கேலி பண்ணிப் பார்த்தாள். கடைசியில் பேசாமல் விட்டுவிட்டாள். பூனைகளுக்கு அதெல்லாம் தெரியுமா என்ன? குளிர் இறங்கிய ஒரு மத்தியானம் அவள் மத்தித் தலைகளோடு உலை அறைக்குள் நுழைந்தபோது, மிலூத் ஒரு காலை நீட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தான். மடியில் கப்ரான் சுருண்டு கிடந்தது. அவன் இரண்டு கையையும் காற்றில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதை எடு."

"நீயே எடு," என்று சொல்லிவிட்டு பதூல் சட்டியை இறக்கி வைத்தாள். உலையில் இரண்டு கட்டையைப் போட்டாள். திரும்பிப் பார்த்தபோது அவன் ஒரு கையைக் கப்ரானின் முதுகின்மேல் இறக்கியிருந்தான்.